ஒரு ஃபெயில் சீட்டு

உக்காருங்கண்ணே. வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க, இந்தப் புங்க மரத்து நெழலுக்கு வந்துருங்க. புகை டெஸ்ட் பாக்குற அந்தம்மா சாப்பிடப் போயிருச்சு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தா உள்ள உக்காந்து சாப்பிடுதுன்னு அர்த்தம். காலையில கடை தொறந்ததுலருந்து இங்கனயே கிடக்கிறேன், எல்லாம் பழகிப்போச்சு.

உங்க வேனுக்கு ஃபெயில் போட்டுருச்சா? பாத்தேன், பாத்தேன். நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சப்ப வந்துச்சே ஒரு புகை! ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட வந்த பிள்ள துப்பட்டாவால மூக்கைப் பொத்திக்கிட்டு அங்கிட்டு ஓடிருச்சு. அதுக்காக இப்படியா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பீங்க? நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க குடுத்து வச்ச மனுசன். எனக்கு அந்த மாதிரி ஒரு ஃபெயில் சீட்டு கிடைச்சா இந்த மண்ணுல விழுந்து கும்பிடுவேன்.

சிரிங்க, சிரிங்க. ஒரு வாரமா எல்லாரும் என்னையப் பாத்து அதான் செய்யிறான். நாடே பாஸ் சீட்டுக்கு அலையுது, இவன் ஒருத்தன் ஃபெயில் சீட்டுக்கு அலையுறானேன்னு. கேளுங்க, கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

என் பேரு பவுன்ராஜ். ஊரு சித்தரேவு. அந்தா நிக்குது பாருங்க வெள்ளை பிக்கப்பு, அதான் நம்ம வண்டி. தாண்டிக்குடியிலருந்து மலைவாழை இறக்குறேன். நம்ம காய் பழனிக்குப் போகுதுண்ணே, பஞ்சாமிர்தத்துக்கு. முருகன் வாயில போற பழம் என் வண்டியிலதான் போகுதுன்னு தவமணி, அதான் என் வீட்டுக்காரி, ஊரு பூரா சொல்லி வச்சிருக்கா. இப்ப அதுக்குத்தான் ஆபத்து வந்து நிக்குது.

எங்க மலைத் தோட்டக்காரங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்குண்ணே. தைப்பூசத்துக்குன்னு முதல் வாழைத்தாரு வெட்டுவாங்க. அந்தத் தாருக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சு, சூடம் காட்டி, டிரைவர் கையில குடுப்பாங்க. அதை வாங்கி யாரு தன் வண்டியில வைக்கிறானோ, அந்த வருஷம் பூரா அத்தனை தோட்டத்துக் காயும் அவன் வண்டிதான். எழுத்துக் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. ஆனா மாத்த முடியாது. அந்தத் தாரை இறக்கி வச்சிட்டு இன்னொருத்தன் வண்டியில ஏத்துனா சாமி குத்தமுன்னு பேசுவாங்க. மூணு வருஷமா என் கையிலதான் வாங்குனேன். வர்ற திங்கக்கிழமை முதல் தாரு. இன்னைக்கு சனிக்கிழமை. என் வண்டியோ மலை ஏறாது.

ஏறாதுன்னா ஏறவே ஏறாது. போன வாரம் உர மூட்டை ஏத்திக்கிட்டுப் போறேன். பெரும்பாறை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. திரும்பும்போது வண்டி அப்படியே உசுரு போன மாதிரி ஆயிருச்சு. இஞ்சின் ஓடுது, ஆனா இழுக்கல. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், மாட்டு வண்டி வேகத்துக்கு மேல போக மாட்டேங்குது. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரனை அமுக்கிக்கிட்டே நிக்கிறான். அப்ப மேலருந்து இறங்குறான் குபேந்திரன். அவன் கிட்டயும் ஒரு பிக்கப்பு இருக்கு. அந்தக் காலத்து வண்டி, பின்னாடி கதவுக்குப் பதிலா கயிறுதான் கட்டியிருப்பான். வண்டியைத் திருப்பி, செயினைப் போட்டு என்னைய மேல இழுத்துட்டுப் போனான். அவன் விட்ட புகை பூராத்தையும் நான்தான் குடிச்சேன். மேல கொண்டு போய் விட்டுட்டு, தோட்டக்காரங்க அத்தனை பேரு முன்னாடியும் கேக்குறான், "என்ன மாப்ள, புது வண்டிக்கு மூச்சு வாங்குதோ?"ன்னு. அத்தனை பேரும் சிரிச்சான். எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு. அன்னைக்கே ஒரு பெரியவரு குபேந்திரன்கிட்ட, திங்கக்கிழமை சும்மாதான இருப்பன்னு கேட்டுட்டாரு. அதை அவரு என் காதுல விழுகணும்னுதான் கேட்டாரு.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு ஃபில்டரு. உங்க வேன் பழசு, அதுல இந்தக் கருமம் இருக்காது. புது டீசல் வண்டியில சைலன்சருக்கு முன்னாடி வச்சிருக்கான். இஞ்சின் கரி பூராத்தையும் அது பிடிச்சு வச்சுக்கும். வச்சதை அதுவே சூடாகி எரிச்சுச் சாம்பலாக்கிக்கணும். அது எரியணும்னா வண்டி பைபாஸ்ல நிக்காம ஓடணுமாம். என் வண்டிக்கு எங்கண்ணே பைபாஸு? ஊசி ஊசியா ஏறு, ஊசி ஊசியா இறங்கு. இறங்கும்போது மிதிக்கிறதே இல்ல, அப்புறம் எங்க சூடாகும்? டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு போட்டுச்சு. ஒரு பொட்டி, உள்ள புள்ளி புள்ளியா. நான் கூட டீசல் டேங்க்ல தண்ணி சேந்துருச்சோன்னு நெனச்சேன். கொஞ்ச நாளு அது மேல ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டி வச்சிருந்தேன், கண்ணு உறுத்துதுன்னு.

ஷோரூமுக்குப் போன் போட்டா, "சார், ஹைவேயில ஒரே வேகத்துல ஓட்டுங்க, தானா க்ளீன் ஆயிரும்"ங்கிறான். சரின்னு ஒரு நாள் கிளம்புனேன். சும்மா போறதுக்கு நாங்களும் வர்றோம்னு தவமணியும் பாப்பாவும் ஏறிக்கிட்டாங்க. கொடைரோடு தாண்டி நாலு வழிச் சாலையில ஏறி திண்டுக்கல்லைப் பாத்து விட்டேன். பாப்பா கேக்குது, "எங்கப்பா போறோம்?" நான் என்னத்தைச் சொல்ல? "எங்கயும் போகல, சும்மா ஓட்டுறோம்"ங்கிறேன். அதுக்கு ஒரே சந்தோசம். "அப்பா நம்மளைச் சும்மா கூட்டிட்டுப் போறாரு"ன்னு பாட்டுப் பாடுது. திண்டுக்கல் தாண்டி, திரும்பி, மறுபடியும் தாண்டி, டீசல் பாதி டேங்க் காலி. லைட்டு அணையல. தவமணி என் மூஞ்சியைப் பாத்துட்டு, வீட்டுக்குப் போலாம்னா. பாப்பா மட்டும் வீட்டுக்கு வந்து, நாளைக்கும் சும்மா போலாமான்னு கேட்டுச்சு. அன்னைக்கு நான் அழுதுட்டேண்ணே. ஆம்பள அழுறதைச் சொல்லக் கூடாது, உங்ககிட்டச் சொல்றேன்.

நேரா ஷோரூமுக்கே போனேன். மேனேஜரு சட்டையை இன் பண்ணிக்கிட்டு, ஏசிக்கு நேர்கீழ உக்காந்திருக்கான். "உங்க வண்டிக்கு மூணு வருஷ வாரண்டி இருக்கு, ஃபில்டரை மாத்தலாம்"ங்கிறான். எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. அடுத்த வாயிலயே, "ஆனா உங்க புகை சர்ட்டிபிகேட்டு எல்லாம் பாஸ்னு இருக்கே. பாஸான ஃபில்டரை நாங்க எப்படி மாத்திக் குடுக்கிறது? ஃபெயில் ஆன சீட்டு ஒண்ணு கொண்டு வாங்க, கிளைம் போட்டுரலாம். ஸ்டாக் இருக்கு, ஞாயித்துக்கிழமை ஆளை வரச் சொல்லியாவது மாட்டித் தர்றேன்"ங்கிறான். வாரண்டி எப்ப முடியுதுன்னு கேட்டேன், இந்தச் சனிக்கிழமைன்னான். இன்னைக்கு. சாயங்காலம் அவன் கடையைச் சாத்துறதோட முடியுது. அதுக்கு மேல சொந்தக் காசு போட்டு மாத்தணும்னா வண்டியை வித்துத்தான் வண்டிக்கு ஃபில்டர் வாங்கணும்.

அவன் காட்டுன சீட்டைப் பாக்கிறேன். போன வருஷத்துச் சீட்டு ஒண்ணு, இந்த வருஷத்துச் சீட்டு ஒண்ணு. ரெண்டுலயும் என் வண்டியில புகையே இல்லன்னு போட்டிருக்கு. அடேய், அது எவன் வண்டிப் புகையோ!

என்னண்ணே பாக்குறீங்க? நம்ம ஊருல யாரு வண்டியைக் கொண்டு போய் டெஸ்ட் பாக்குறா? வத்தலக்குண்டுல பங்க் பக்கத்துல ஒரு தம்பி இருக்கான். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டா சீட்டு போனுக்கே வந்துரும். வண்டி பழனியில லோடு இறக்கிக்கிட்டு நிக்கும், சீட்டு வத்தலக்குண்டுல அடிச்சிருப்பான். நல்ல பய. ஊரே அப்படித்தான் வாங்குது, அதுல என்ன இருக்கு? ஒருத்தருக்கும் கெடுதல் இல்லாத விசயம்.

அந்தத் தம்பிகிட்டத்தான் முதல்ல போனேன். "தம்பி, இந்தத் தடவை வண்டியோட வந்திருக்கேன், நெசமா டெஸ்ட் பாரு. ஃபெயில்னு போட்டுக் குடு"ங்கிறேன். அவன் நான் குடிச்சிருக்கேன்னு நெனச்சுட்டான். கிட்ட வந்து மோந்து பாக்குறான். அப்புறம் சொல்றான், "அண்ணே, சத்தியமாச் சொல்றேன், இந்தக் கம்ப்யூட்டர்ல ஃபெயில் எப்படி வரும்னே எனக்குத் தெரியாது. நான் இது வரைக்கும் போட்டதே இல்ல." தொரத்தி விடாத குறைதான். அடுத்து நிலக்கோட்டை ரோட்டுல ஒரு ஆளு. அவன், "எங்கிட்ட ஃபெயில் ஆகுதுன்னு பேரு கெட்டுப் போச்சுன்னா எவன்யா வருவான்? எந்திரிச்சுப் போ"ங்கிறான். ஒரு நெசத்தை நெசமுன்னு எழுதிக் குடுக்க இந்த நாட்டுல ஆள் இல்லண்ணே. எல்லாம் பொய். மேலருந்து கீழ வரைக்கும் பொய். நெனச்சா எரியுது.

நம்ம மெக்கானிக் ஜபருல்லா சொன்னாரு, "ஏன் பவுனு இந்த அலைச்சல், ஃபில்டரை வெட்டி உள்ள இருக்கிறதை உருவிட்டு, மேல வெல்டிங் வச்சு விட்டுர்றேன். வெளியருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கோயமுத்தூர்ல ஒரு பையன் வண்டிக் கம்ப்யூட்டரையும் மாத்திக் குடுப்பான், லைட்டே எரியாது"ன்னு. நெறைய பேரு அப்படித்தான் ஓட்டுறான். ஆனா அடுத்த மாசம் என் வண்டிக்குத் தகுதி பாக்குற எஃப்சி இருக்குண்ணே. முன்ன மாதிரி இல்ல, இப்ப மெசினு மேல ஏத்திப் பாக்குறாங்களாம். எங்க ஊருக்காரன் ஒருத்தன் உருவுன வண்டியைக் கொண்டு போய் மாட்டிக்கிட்டு, இன்னைக்கும் அவன் வண்டி வேப்ப மரத்தடியில நிக்குது, கோழி அடைய. வெட்டுனா திங்கக்கிழமை மலை ஏறும், அடுத்த மாசம் மரத்தடி. வெட்டாம விட்டா மரத்தடிக்கு அடுத்த மாசம் வரைக்கும் கூடக் காத்திருக்க வேண்டியதில்ல.

அப்பத்தான் இந்தம்மாவைப் பத்திச் சொன்னாங்க. செம்பட்டி ரோட்டுல ஒரு அம்மா இருக்கு, அப்பன் வந்தாலும் டெஸ்ட் பாக்காம சீட்டு தராதுன்னு. எனக்குச் சாமியைப் பாத்த மாதிரி ஆயிருச்சு. காலையில நான்தான் மொத வண்டி. அந்தம்மா சரியான ஆளு. இஞ்சின் சூடாகணும்னு கொஞ்ச நேரம் ஓட விடச் சொன்னுச்சு. இடுப்பு வலி போல, எந்திரிச்சு வர்றதில்ல. கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, குழாயை நம்ம கையில குடுத்துருது. நாமளே சைலன்சர்ல சொருகணும், நாமளே போய் மிதிக்கணும். அது ஒரு கண்ணு கம்ப்யூட்டர்ல, ஒரு கண்ணு கேமராவுல நம்பர் பிளேட்டைப் பாத்துக்கிட்டு இருக்கும். நான் சொருகிட்டு வந்து, மஞ்ச லைட்டைக் கும்பிட்டு, மிதிச்சேன் பாருங்க ஒரு மிதி. என் கோவம் பூராத்தையும் போட்டு மிதிச்சேன்.

பாஸ்.

சும்மா பாஸ் இல்ல. "இவ்வளவு சுத்தமா இந்த மாசத்துல ஒரு வண்டியும் வரலப்பா"ங்குது. எனக்குத் தலை சுத்திருச்சு. "அம்மா, வண்டி மலை ஏறலம்மா, ஃபில்டர் அடைச்சுக் கிடக்கும்மா"ங்கிறேன். அது நிதானமாச் சொல்லுது, "அடைச்சுக் கிடக்கிறதாலதான்ப்பா பாஸ். உன் வண்டி எல்லாத்தையும் உள்ளயே முழுங்கிக்கிட்டு நிக்குது. வெளிய என்ன வருதோ அதைத்தான் என் மெசினு அளக்கும்."

கேட்டீங்களா? புகை விட்டிருந்தா எனக்கு ஃபில்டர் கிடைச்சிருக்கும். விடாம உள்ளயே வச்சுக்கிட்டுச் சாகுறதால பாஸ். என் பொழப்பு மாதிரியே இருக்கேன்னு எனக்கு அங்கயே சிரிப்பு வந்துருச்சு. அழுகையும் வந்துச்சு.

கால்ல விழாத குறையாக் கேட்டேன். "அம்மா, நீங்களே ஒரு ஃபெயில் சீட்டு அடிச்சுக் குடுங்கம்மா. ஊரே பொய்யாப் பாஸ் போடுது, நீங்க எனக்குப் பொய்யா ஒரே ஒரு ஃபெயில் போட்டா என்னம்மா? அதுல யாருக்கு நட்டம்?" அது கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டுச் சொல்லுது, "நான் ரெண்டு பொய்யும் சொல்றதில்லப்பா." எனக்கு வந்துச்சே கோவம். நேர்மையாம் நேர்மை! நேர்மை எதுக்கு இருக்கு, மனுசனுக்கு உதவத்தானே? ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப் போகுது, இந்தம்மாவுக்கு நேர்மை பெருசாப் போச்சு. கத்திட்டேன். அது பதிலுக்குக் கத்தல. "சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை பாக்குறேன், கடைசித் தடவை"ன்னு மட்டும் சொன்னுச்சு. பாவம் பாத்துச் சொன்னுச்சு. இன்னொரு தடவை பாத்தாலும் அதே பாஸ்தான வரும்?

தண்ணி குடிங்க, இந்தாங்க பாட்டிலு. இன்னும் உங்க முகம் தெளியல. ஏன், நீங்க வேற எங்கயாவது வாங்கிக்கலாமே? ஓகோ, ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே இந்தம்மா சீட்டுத்தான் வேணும்னு சொல்லி அனுப்பிட்டாங்களா? அதான பாத்தேன். பள்ளிக்கூட வேனுன்னா இப்பக் கெடுபிடிதான். கோவிச்சுக்காதீங்க, அதுல ஒரு பங்கு என்னோட வேலையாக் கூட இருக்கும்.

எங்க பாப்பா மூணாவது படிக்குது. பேரு தன்ஷிகா. வத்தலக்குண்டுக்கு வேன்லதான் போகுது. அந்த வேன் எப்படின்னா, தரையில ஓட்டை. சைலன்சர் புகை பூரா உள்ள வரும். பிள்ள வீட்டுக்கு வந்ததும் கண்ணு செவந்து, தலைவலிங்கும், சில நாளு வாந்தி எடுக்கும். அப்புறம் ராத்திரியானா இழுப்பு. டாக்டரு வாயில வச்சு இழுக்கிற மருந்து எழுதிக் குடுத்திருக்காரு. எட்டு வயசுப் பிள்ள பொஸ்தகப் பையில அதை வச்சுக்கிட்டுத் திரியுது. எனக்கு வந்துச்சே ஆத்திரம். ஒரு நாள் வேனு பின்னாடியே போயி வீடியோ எடுத்தேன். புகையில நம்பர் பிளேட்டே தெரியல. நேரா ஆர்.டி.ஓ.வுக்கு, கலெக்டருக்கு, எல்லாருக்கும் அனுப்பி விட்டேன். பேரு போடல, அது வேற விசயம். ஒரே வாரத்துல அந்த வேனைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. டிரைவரு கெஞ்சுனானாம், என் சோத்துல மண்ணைப் போட்டாங்களேன்னு அழுதானாம். அழட்டும். பிள்ளைங்க மூச்சு விடுற காத்துண்ணே அது. வேற எதுல வேணா விட்டுக் குடுப்பேன், பிள்ளைங்க விசயத்துல நான் எவன் மூஞ்சியும் பாக்க மாட்டேன்.

என்னண்ணே, எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. உங்களைச் சொல்லல. உங்க வேன் வேற. நீங்க நல்ல மனுசனாத் தெரியுறீங்க.

கொஞ்சம் கிட்ட வாங்க. ஒரு யோசனை. நீங்க மிதிச்சப்ப அந்தப் புகையைப் பாத்ததுலருந்து எனக்கு மனசு அதுலயே ஓடுது. உங்களுக்கு வேணுங்கிறது பாஸ். எனக்கு வேணுங்கிறது ஃபெயில். என் வண்டி சைலன்சர்ல பாஸ் இருக்கு. உங்க வண்டி சைலன்சர்ல ஃபெயில் இருக்கு. ரெண்டு வண்டியையும் ஒட்டி நிறுத்திருவோம். கேமராவுக்கு என் நம்பர் பிளேட்டு, குழாய் உங்க சைலன்சர்ல. அடுத்து கேமராவுக்கு உங்க நம்பர் பிளேட்டு, குழாய் என் சைலன்சர்ல. அந்தம்மா எந்திரிச்சு வராது. ஏதாவது அடைச்சிருந்துச்சு, சரி பண்ணிட்டேன், மறுபடி பாருங்கன்னு நீங்க சொல்லிருங்க. முடிஞ்சு போச்சு. நீங்களும் பொழைக்கிறீங்க, நானும் பொழைக்கிறேன்.

யோசிக்காதீங்கண்ணே. உங்களுக்கு மட்டும் வேற வழி இருக்கா? இஞ்சின் வேலை பாக்கணும்னா உங்க முதலாளி பாக்க மாட்டாரு. சீட்டு இல்லாமப் போனா உங்களை வேலைக்கு வேண்டாம்னுதான் சொல்லுவாரு. சொல்லிட்டாரா? பாத்தீங்களா. அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே குழியிலதான் கிடக்கிறோம். தோளைக் குடுங்க, ஏறிருவோம்.

பிள்ளைங்களா? அட, என்னண்ணே நீங்க. ஜன்னலைத் தொறந்து வச்சா காத்துல போயிரும். உலகத்துல இருக்கிற புகையெல்லாம் உங்க ஒரு வேன்லருந்துதான் வருதா? குபேந்திரன் விடாத புகையா? அப்புறம் மெதுவா ஒரு நல்ல மெக்கானிக்காப் பாத்துச் சரி பண்ணிக்கலாம். ஜபருல்லாகிட்ட நானே சொல்றேன்.

ஆங்! அப்படிச் சொல்லுங்க. தலையை ஆட்டுனீங்க பாருங்க, அது போதும். கையைக் குடுங்க. நீங்க நல்லா இருக்கணும். திங்கக்கிழமை முதல் தாரை வாங்குன கையோட உங்க வீட்டுக்கு ஒரு சீப்பு பழம் கொண்டாந்து தர்றேன். எங்க இருக்கீங்க நீங்க? எந்த ஸ்கூலு ஓட்டுறீங்க? வேன்ல பேரைச் சுரண்டி விட்டிருக்கே, பழைய ஸ்கூல் பேரா? ஓ, இப்பத்தான் வெளியூர்லருந்து வாங்குனாங்களா. புது ஸ்கூல் பேரை இனிமேத்தான் எழுதணுமா.

எந்த ஸ்கூலு?

அது... அங்கதான் எம் பொண்ணும் படிக்குது.

எந்த ரூட்டு?

இல்லண்ணே, நான் சும்மாதான் கேட்டேன். சித்தரேவு ரூட்டா. நிறுத்துன வேனுக்குப் பதிலா இதுதானா. திங்கக்கிழமையிலருந்தா.

ஒண்ணுமில்லண்ணே. வெயிலு. கொஞ்சம் அந்தத் தண்ணியைக் குடுங்க.

திங்கக்கிழமை காலையில நான் மலையில இருப்பேன். இல்லாட்டி நானே வண்டியில கொண்டு போய் விட்டுருவேன். முதல் தாரு விடியும்போதே வெட்டுவாங்க, நான் போய்த்தான் ஆகணும். தவமணிக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. பஸ்ஸு ஒம்போதரைக்குத்தான், அதுக்குள்ள ஸ்கூல் மணி அடிச்சிரும். அப்புறம் தினமும் விடியல்ல எனக்கு லோடு. ஒரு வருஷம். ஒரு வருஷம்தானண்ணே, அடுத்த வருஷம் வேற ஸ்கூல்ல கூடச் சேத்துக்கலாம்.

அண்ணே, ஒண்ணு கேக்குறேன். பாப்பாவைப் பின் சீட்டுல உக்கார வைக்காதீங்க. உங்க பக்கத்துல, முன்னாடி, ஜன்னலோரமா வைங்க. ரெட்டைச் சடை போட்டிருக்கும். மஞ்சப் பை. முன்னாடி புகை வராதுல்ல? வராதுன்னு சொல்லுங்கண்ணே. மருந்து பையில முன் பக்கத்து ஜிப்புலதான் இருக்கும், அதுக்கே எடுக்கத் தெரியும். இழுப்பு வந்தா மட்டும் கொஞ்சம் வண்டியை ஓரமா நிறுத்துங்க. நிறுத்துவீங்கல்ல?

ஷட்டரை ஏத்துது பாருங்க. எந்திரிங்க. நீங்க என்னையப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, எனக்கு இன்னைக்கு விட்டா நாளைக்கு இல்ல. வேனை என் வண்டியை ஒட்டிக் கொண்டாந்து நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம் பின்னாடி. போதும். அம்மா, நான் ரெடிம்மா! இந்தா சொருகிட்டேன்மா!

ம், மிதிங்கண்ணே. பயப்படாம மிதிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம் கறுப்பா வரட்டும்.